கீழாநெல்லி: பெயரும் பொருளும் – மரக்காணம் உப்பளக் கடற்கரை மூலிகைகளும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகையின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

மூலிகைகளை இனங்காண்பதில் வட்டார வழக்குப் பெயர்கள் நம்பத்தகாதன என்றும், தாவரவியலின் லத்தீன் பெயர்களே உறுதியானவை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. கீழாநெல்லியின் வரலாறு இக்கருத்துக்கு முழுவதும் இடந்தரவில்லை. சுமார் இருநூறு ஆண்டுகள் இச்செடியைப் பற்றிய குழப்பத்தின் பெரும்பகுதி லத்தீன் பெயரிலிருந்தே எழுந்தது. அக்குழப்பத்தைத் தெளிவிக்க உதவிய கருவிகளுள் ஒன்று மெல்லடுக்கு வண்ணப்பிரிகை என்னும் எளிய ஆய்வுமுறை. மரக்காணம் கடற்கரையின் தாவரச் சூழலை முன்வைத்து, அம்முறையின் வரலாற்றையும் தமிழக மூலிகை ஆய்வில் அதன் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: மரக்காணம், உப்பளம், கீழாநெல்லி, வழக்குப் பெயர், மெல்லடுக்கு வண்ணப்பிரிகை, சித்த மருத்துவம்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் தமிழக வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் அறிமுகமான ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தை ஆய்வாளர் பலர் இவ்வூருடன் பொருத்துவர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள் இப்பகுதியின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகும். உப்பு விளையும் நிலத்தைச் சோழர்காலக் கல்வெட்டுகள் அளம் என்றும் பேரளம் என்றும் வழங்குகின்றன. அச்சொல் இன்றும் உப்பளம் என்ற வடிவில் இக்கடற்கரையில் வாழ்கிறது.

இவ்வூரின் தாவரச் சூழல் இவற்றைப் போல எடுத்துப் பேசப்பட்டதில்லை. ஓரிரு மணிநேர நடைத்தொலைவுக்குள் மூன்று வேறுபட்ட நிலங்கள் இங்கு அமைந்துள்ளன. கழுவெளி ஏரியையும் எடையன்திட்டுக் கழிமுகத்தையும் ஒட்டி உவர்நிலமும் உப்பளமும் உள்ளன. கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கிழக்கே கடற்கரை மணல்மேடு. மேற்கிலும் தெற்கிலும் ஏரிப்பாசன வயல்களும், வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சங்களும் காணப்படுகின்றன. மரக்காணம் காப்புக்காடும், புதுச்சேரி செல்லும் வழியிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடும் இவ்வகைக் காட்டின் எஞ்சிய துண்டுகளாகத் தாவரவியலாரால் ஆராயப்பட்டவை.

இம்மூன்று நிலங்களிலும் மூலிகைப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. உவர்நிலத்தில் உமரி என்ற ஒரே பெயர் சுயேடா பேரினத்தின் சில இனங்களையும், தோற்றத்தில் அவற்றுக்கு நெருங்கிய சாலிகோர்னியா வகைகளையும் குறிக்கும். மணல்மேட்டிலோ இதற்கு எதிர்நிலை: வேலியோரத்தில் வளரும் ஒரே புதருக்குச் சங்கங்குப்பி, பீநாறிச்சங்கு எனப் பல பெயர்கள். மழைக்குப்பின் வயல்வரப்பில் முளைக்கும் கீழாநெல்லியில் இவ்விருவகைச் சிக்கலும் ஒருசேர நிற்பதால், அச்செடியே இங்கு முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

லத்தீன் நூலுள் ஒரு தென்னாட்டுப் பெயர்

கீழாநெல்லி என்பது காரணப்பெயர். நெல்லியிலையை ஒத்த சிற்றிலைகளின் கீழே காய்கள் வரிசையாகத் தொங்குவதால் கீழ்க்காய்நெல்லி என்றும் வழங்கும். இதனோடு இணையாக மேலாநெல்லி என்றொரு செடியும் உண்டு. தாவரவியலார் அதற்குச் சென்னையின் பெயரால் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ் எனப் பெயரிட்டனர். மேல், கீழ் என்னும் ஒரே அடையால் இருவேறு இனங்களைப் பிரித்து நிறுத்திய வழக்கு கூர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இலையின் கீழே காய்க்கும் இனங்கள் ஒன்றல்ல, பல. வழக்குப்பெயர் சுட்டும் பண்பு உண்மையானது. அப்பண்பை உடைய செடிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. சிக்கலின் வேர் இதுவே.

இப்பெயர் ஐரோப்பிய நூலுள் நுழைந்தது மலையாள வடிவில். ஒல்லாந்து ஆளுநர் வான் ரீடு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலின் பத்தாம் தொகுதியில் (1690) கிர்கனெலி என்ற தலைப்பில் இச்செடி படத்துடன் இடம்பெற்றது. லின்னேயஸ் 1753இல் ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரை உருவாக்கியபோது இக்கிர்கனெலியையும் அதனுள் சேர்த்துக்கொண்டார். நிரூரி என்ற அடைமொழியும் மலையாள வழக்கிலிருந்து சென்றதே. ஆனால் பிற்காலத் தாவரவியலார் முடிவின்படி, அந்த லத்தீன் பெயருக்கு உரிய செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் இயற்கையாக வளராதது. கடல்கடந்த ஒரு செடிக்குத் தென்னாட்டுப் பெயர் சூட்டப்பட்டு, அப்பெயர் மீண்டும் தென்னாட்டுச் செடியின்மீதே ஒட்டப்பட்டது. 1789இல் ஜுசியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் கிர்கனெலியா என ஒரு பேரினமே வகுத்தார் என்பது இச்சொல் எவ்வளவு தொலைவு பயணம் செய்தது என்பதைக் காட்டும்.

சோழமண்டலக் கடற்கரையின் பங்கும் இதில் உண்டு. தரங்கம்பாடி டேனியக் குடியேற்றத்தின் மறைப்பணி மருத்துவரான ஜோகன் கோட்ஃபிரீட் கிளைன் அனுப்பிய செடிகளைப் பெர்லினில் வில்டெனோ ஆராய்ந்தார். கிளைன் பெயரிட்ட ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் 1805இல் வில்டெனோவின் நூலில் வெளியாயிற்று. கிளைனின் தோழர் ரொட்லர், தமிழ் – ஆங்கில அகராதியின் தொகுப்பாளராகத் தமிழாய்வாளர்களுக்கு நன்கு அறிமுகமானவர். தரங்கம்பாடிக்கும் சென்னைக்கும் இடையே அவர் சென்று திரும்பிய பயணத்தின் தாவரவியல் குறிப்புகள் 1803இல் வில்டெனோவின் விளக்கங்களுடன் பெர்லினில் அச்சாயின. அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட கடற்கரையிலேயே மரக்காணம் உள்ளது. அகராதிக்குச் சொல் திரட்டிய ஒருவரே செடிகளையும் திரட்டினார் என்ற செய்தி, தமிழ் அகராதியியல் வரலாற்றில் இன்னும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

இன்று கீழாநெல்லி எனத் தென்னிந்தியாவில் பெரிதும் ஏற்கப்படும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் 1827இல் வேறொரு டேனியக் குடியேற்றமான கினிக் கடற்கரையிலிருந்து (இன்றைய கானா) விவரிக்கப்பட்டது. அமாரஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கசப்பு என்பது பொருள். ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரநூல் (ஐந்தாம் தொகுதி, 1887) இச்செடிகள் அனைத்தையும் நிரூரி என்ற ஒரே பெயரின்கீழ் அடக்கியது. அந்நூலின் செல்வாக்கால் ஏறத்தாழ நூறாண்டுகள் இந்திய மருந்தியல் நூல்கள் நிரூரி என்றே எழுதின. 1985இல் மித்ரா, ஜெயின் ஆகியோர் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை, இந்திய நிரூரி என்பது அமாரஸ், டெபிலிஸ், ஃபிராட்டர்னஸ் ஆகிய மூன்று இனங்களின் கலவை என்று நிறுவியது.

வழக்குப் பெயர் பல இனங்களை ஒன்றாக்குகிறது என்பதே அதன்மீது சுமத்தப்படும் குற்றம். அதே குற்றத்தை லத்தீன் பெயரும் செய்தது. வழக்குப் பெயராவது தன் நிலத்துச் செடியைச் சுட்டியது. லத்தீன் பெயர் அதனையும் செய்யவில்லை.

கண்ணாடித் தகட்டின் வரலாறு

பெயரால் தீராத வழக்கைப் பொருளால் தீர்க்கும் முயற்சியே தாவர வேதியியல். செடியின் சாற்றில் கலந்துள்ள நூற்றுக்கணக்கான சேர்மங்களைத் தனித்தனியே பிரித்தறிய வேண்டும். ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ட்சுவெட் 1903இல் வார்சா நகரில் ஆற்றிய உரையில் அதற்கொரு வழியைக் காட்டினார். இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே வடியவிட்டபோது பச்சை, மஞ்சள் நிறமிகள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன. 1906இல் அவர் இதற்குக் குரோமட்டோகிராஃபி எனப் பெயரிட்டார். தமிழ்ப் பாடநூல்களில் இது வண்ணப்பிரிகை எனப்படும். ட்சுவெட் என்ற ரஷ்யச் சொல்லுக்கே நிறம் என்பது பொருள்.

குழாயிலிருந்து தகட்டுக்கு வந்த கதை மூலிகை ஆய்வோடு நேரடித் தொடர்புடையது. 1938இல் கார்கிவ் நகரில் இஸ்மாயிலோவ், ஷ்ரைபர் என்னும் இருவர் மருந்துச் செடிகளின் வடிசாறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தனர். குழாய்முறைக்கு நேரமும் பொருளும் மிகுதியாகத் தேவைப்பட்டன. எனவே நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டின்மீது அலுமினாக் குழம்பை மெல்லிதாகப் பூசி, அதன்மீது ஒரு துளிச் சாறும் பின்னர்க் கரைப்பானும் இட்டனர். சாறு வட்ட வட்டமாகப் பிரிந்தது. புற ஊதா ஒளியில் அவ்வட்டங்களின் நிறவரிசை செடிக்குச் செடி வேறுபட்டது. மெல்லடுக்கு முறையின் தொடக்கம் இதுவே. மருந்துக்கடைக்கு வந்த சரக்கு உண்மையானதா என்னும் அன்றாட வினாவே இதனைப் பிறப்பித்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இம்முயற்சி சோவியத் நாட்டுக்கு வெளியே உடனடிக் கவனம் பெறவில்லை. 1951இல் அமெரிக்காவில் கிர்ச்னர் குழுவினர், பழங்களின் மணத்துக்குக் காரணமான டெர்பீன்களைப் பிரிப்பதற்குச் சிலிக்கா ஜெல் பூசிய கண்ணாடிப் பட்டைகளைக் கையாண்டனர். ஆனால் இம்முறையை உலக ஆய்வகங்களுக்குக் கொண்டுசேர்த்தவர் ஜெர்மனிய மருந்தியலாளர் எகான் ஸ்டால். 1956 முதல் அவர் வெளியிட்ட ஆய்வுகள் தூளின் பருமன், அடுக்கின் தடிமன், பூசும் கருவி ஆகியவற்றுக்கு ஒரு தரத்தை வகுத்தன. 1958 அளவில் அவர் பெயரைத் தாங்கிய சிலிக்கா ஜெல்லை மெர்க் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவருடைய கையேடு 1962இல் வெளியாயிற்று. புதுமை கண்டவர்களைவிட, அதனை யாவரும் ஒரே வகையில் செய்யும்படி ஆக்கியவரே இம்முறையின் வரலாற்றில் முதலிடம் பெறுகிறார். இது நியாயமானதே.

முறையின் இயக்கம் எளியது. சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் சாற்றைச் சிறு புள்ளியாக இட்டு, தகட்டை மூடிய தொட்டியில் சிறிதளவு கரைப்பானுள் நிறுத்துவர். கரைப்பான் நுண்துளைகளின் வழியே மேலேறும். சிலிக்காவை இறுகப் பற்றும் சேர்மங்கள் பின்தங்கும்; மற்றவை கரைப்பானோடு முந்திச் செல்லும். கரைப்பான் சென்ற தொலைவில் ஒரு சேர்மம் எத்தனைப் பங்கு சென்றது என்பதே ஆர்.எஃப். மதிப்பு. நிறமற்ற புள்ளிகளைக் காண வனிலின் கலந்த கந்தக அமிலம் போன்ற வினைப்பொருளைத் தெளித்துச் சூடாக்குவர். தாளில் இதனைச் செய்தால் தாள் கரிந்துவிடும், சிலிக்கா தாங்கும். தாள் வண்ணப்பிரிகையை இம்முறை விரைவில் பின்தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டால் தகட்டின் தூள் கண்ணாடியில் ஒட்டி நிற்பதற்குச் சேர்க்கப்பட்டது ஜிப்சம். உப்பளத்தாருக்கு இது புதிய பொருளன்று. பாத்திகளில் கடல்நீர் வெயிலில் சுண்டும்போது முதலில் சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சமும் படியும். நீரின் செறிவு போமே அளவில் ஏறத்தாழ 25 பாகையை எட்டிய பின்னரே உப்பு படிகமாகத் தொடங்கும். மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் எஞ்சும். அதனை வெளியேற்றாவிட்டால் உப்பும் கசக்கும். ஒன்றாகக் கரைந்திருப்பவற்றை அவற்றின் இயல்பு வேறுபாட்டால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தெடுக்கும் இத்தொழில், கரைதிறனை நம்பியது. தகடு பரப்புக்கவர்ச்சியை நம்பியது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் பிரித்தல் என்னும் அறிவு இக்கடற்கரைக்கு ஆய்வகத்திலிருந்து வந்ததன்று என்பதைச் சொல்லவே இவ்வொப்புமை.

வால்டேரும் சென்னையும்

கீழாநெல்லியின் வேதியியலில் தமிழகத்தார் ஒருவரின் பங்கு முதன்மையானது. குளித்தலையில் 1900இல் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் பயின்று திரும்பி, ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் தாவர வேதியியல் ஆய்வை வளர்த்தவர். அவரும் கிருஷ்ணமூர்த்தியும் 1946இல் இச்செடியின் கசப்புப் பொருளைப் பற்றி இந்திய அறிவியல் கழக இதழில் எழுதினர். அப்பொருள் ஃபில்லாந்தின். அதன் முழு வேதிக்கட்டமைப்பு அதே பல்கலைக்கழகத்தில் இராமச்சந்திர ராவ் குழுவினரால் 1960களில் தெளிவுபடுத்தப்பட்டது. ஃபில்லாந்தினும் அதன் துணையான ஹைப்போஃபில்லாந்தினும் லிக்னன் வகைச் சேர்மங்கள் என்பது உறுதியாயிற்று.

இக்கட்டுரைகளின் தலைப்பிலும் செடியின் பெயர் நிரூரி என்றே உள்ளது. பொருளை மிக நுட்பமாகவும், பெயரை நூல்வழக்கின்படியும் அவர்கள் பதிவுசெய்தனர். 2006இல் இலக்னோ தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் அமாரஸ், ஃபிராட்டர்னஸ், மதராஸ்பட்டென்சிஸ் ஆகிய மூன்றையும் உயர்திறன் மெல்லடுக்கு முறையில் ஒப்பிட்டபோது, ஃபில்லாந்தினும் ஹைப்போஃபில்லாந்தினும் அமாரஸ் இனத்தில் மட்டுமே காணப்பட்டன. இதிலிருந்து பின்னோக்கிப் பார்த்தால், ஆந்திர ஆய்வாளர்கள் கையாண்ட இலை பெரும்பாலும் அமாரஸாகவே இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. ஆவணத்தில் எழுதப்பட்ட பெயரை அதே ஆவணத்தில் எழுதப்பட்ட பொருள் மறுக்கும் இந்நிலை, கல்வெட்டாய்வில் எழுத்தமைதியும் ஆட்சியாண்டும் முரண்படும் நிலையை ஒத்தது. அங்குப் போலவே இங்கும் எளிதில் மாற்ற இயலாத சான்றுக்கே முதன்மை தரவேண்டும்.

இப்பெயர்ச்சிக்கல் ஏட்டளவில் நிற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் குழுவினர், கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் மஞ்சட்காமாலை பி வகை நுண்மியின் மேற்பரப்பு எதிர்ப்பொருளைச் சோதனைக்குழாயில் செயலிழக்கச் செய்வதை 1982இல் வெளியிட்டனர். அக்கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி. இந்நுண்மியின் கண்டுபிடிப்புக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் இதில் ஆர்வம் கொண்டார். அவரும் வெங்கடேஸ்வரனும் மில்மனும் அமெரிக்காவிலிருந்து 1987இல் வெளியிட்ட கட்டுரையிலும் நிரூரியே. 1988இல் தியாகராஜன், புளூம்பெர்க் குழுவினர் லான்செட் இதழில் வெளியிட்ட மருத்துவ ஆய்வின் தலைப்பில்தான் அமாரஸ் என்ற பெயர் இடம்பெறுகிறது. ஆறாண்டுகளில் ஒரே ஆய்வுமரபுக்குள் செடி மாறவில்லை, பெயர் மாறியது.

லான்செட் ஆய்வில் நாளொன்றுக்கு மும்முறை 200 மில்லிகிராம் செடிப்பொடி 30 நாட்களுக்கு வழங்கப்பட்டது. மருந்துண்ட 37 பேருள் 22 பேரிடம் (59 விழுக்காடு) அவ்வெதிர்ப்பொருள் மறைந்தது. போலிமருந்து பெற்ற 23 பேருள் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. உலகெங்கும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் வெளியான ஆய்வுகள் இவ்விளைவைக் காணவில்லை. ஆய்வு வடிவத்தின் வேறுபாடு, நோயாளர் வேறுபாடு, சாறு தயாரித்த முறை, செடி விளைந்த இடம் எனப் பல காரணங்கள் விவாதிக்கப்பட்டன. பெயர் ஒன்றாயிருந்தும் பொருள் ஒன்றாயிருந்ததா என்பது அவ்விவாதத்தில் திரும்பத் திரும்ப எழுந்த வினா. பின்னர் 2011இல் வெளியான காக்ரன் தொகுப்பாய்வு, ஃபில்லாந்தஸ் இனங்கள் போலிமருந்தைவிட மேலான பயன் தருவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவுசெய்தது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மெல்லடுக்குத் தகடு செடியை அடையாளங்காட்டும்; செடி நோயைத் தீர்க்கும் என்று அது சொல்லாது. தமிழில் வெளியாகும் மூலிகைக் கட்டுரைகளுள் சில, வண்ணப்பிரிகையில் ஒரு சேர்மம் கண்டறியப்பட்டதையே மருத்துவப் பயனுக்குச் சான்றாகக் காட்டுகின்றன. இது பிழை. மஞ்சட்காமாலை பி வகை நோயுடையோர் மருத்துவக் கண்காணிப்பைக் கைவிடும் அளவுக்கு இப்பிழை சென்றால் விளைவு உயிரளவு பெரிது.

உப்புக்காற்றில் தகடு

கடற்கரைத் தாவரங்களை இம்முறையில் ஆராய்வோர் இரண்டு தடைகளை எதிர்கொள்வர். பாடநூல்கள் இவற்றை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

முதலாவது, உப்பு. உமரி, ஓர்ப்பூடு போன்ற உவர்நிலச் செடிகள் தம் திசுக்களில் சோடியம் குளோரைடை மிகுதியாகச் சேர்த்துவைப்பவை. நீரில் எடுத்த சாற்றைத் தகட்டில் இட்டால் உப்பும் உடன்செல்லும். புள்ளிகள் வட்டமாக நில்லாமல் வால்போல நீண்டு ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே ஆல்கஹால் போன்ற கரைப்பான்களால் சாறெடுத்து, உப்பைக் கூடியமட்டும் விலக்கிய பின்னரே தகட்டில் இடவேண்டும். வயல்வரப்பில் எடுத்த கீழாநெல்லிக்கு இத்தொல்லை இல்லை. ஒரே ஊரின் இரு நிலங்களுக்கு ஒரே செய்முறை பொருந்தாது.

இரண்டாவது, ஈரம். சிலிக்கா ஜெல் காற்றிலுள்ள நீரை ஈர்க்கும். தகட்டை 105 முதல் 110 பாகை செல்சியசில் அரைமணி நேரம் சூடாக்கி வைத்தாலும், ஈரக்காற்றில் வெளியே எடுத்த சில நிமிடங்களில் அது மீண்டும் நீரைப் பற்றிக்கொள்ளும். நீர் பற்றிய சிலிக்கா சேர்மங்களை முன்போல் இறுகப் பிடிப்பதில்லை, ஆர்.எஃப். மதிப்பு மாறிவிடும். ஐப்பசி மழையில் கடற்கரை ஆய்வகம் ஒன்றில் கிடைக்கும் மதிப்பும், சித்திரை வெயிலில் உள்நாட்டில் கிடைக்கும் மதிப்பும் ஒத்துவர வேண்டியதில்லை. ஆதலால் எண்ணை மட்டும் நூலில் எழுதிவைப்பதால் பயனில்லை. ஐயமற இனங்கண்ட செடியின் சாற்றையோ தூய சேர்மத்தையோ அதே தகட்டில், அதே நேரத்தில், பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். வாக்னர், பிளாட் ஆகியோர் 1980களில் மூலிகைத் தகடுகளின் வண்ணப்படங்களையே ஒரு படத்தொகை நூலாக வெளியிட்டது, எண்ணைவிட வரிசை முழுவதையும் கண்ணால் காண்பதே நம்பத்தக்கது என்பதால்தான்.

மூட்டையும் முத்திரையும்

நாட்டு மருந்துக் கடைக்குக் கீழாநெல்லி வேரோடு பிடுங்கி உலர்த்திய கட்டாக வந்துசேர்கிறது. அமாரஸ் மலரில் ஐந்து இதழ்களும், டெபிலிஸ், ஃபிராட்டர்னஸ் மலர்களில் ஆறு இதழ்களும் இருக்கும். இவ்வேறுபாடு பசுஞ்செடியில் உருப்பெருக்கியால் தெரியும். உலர்ந்து நொறுங்கிய மூட்டையில் மலரே எஞ்சாது. தகட்டின் தேவை இங்குதான் எழுகிறது.

2000ஆம் ஆண்டில் மருந்து மற்றும் அழகுப்பொருள் விதிகளில் டி அட்டவணையாக நல்ல உற்பத்தி நடைமுறைகள் சேர்க்கப்பட்ட பின், ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து செய்வோர் மூலப்பொருளின் தரத்தைச் சோதித்துப் பதிவுசெய்யக் கடமைப்பட்டனர். மருந்தியல் நூல்களின் மூலிகை விளக்கங்களில் மெல்லடுக்கு வண்ணப்பிரிகை இன்று வழக்கமான பகுதி. எனினும் தரநூலிலும் பெயர்ச்சிக்கல் நீங்கவில்லை. இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூலின் முதல் தொகுதி தாமலகி என்பதற்கு ஃபிராட்டர்னஸ் இனத்தைக் குறிக்கிறது. இந்நூலின்படி தமிழகத்து அமாரஸ் மாற்றுச் சரக்கு. தமிழக வழக்கின்படி ஃபிராட்டர்னஸ் மாற்றுச் சரக்கு. தாமலகியும் கீழாநெல்லியும் ஒன்றே என்னும் சமன்பாடு அகராதியில் எளிது. தகட்டில் இருவேறு வரிசையாக நிற்கும். சிறுபூளைக்கும் இதே நிலை. தெற்கே பாஷாணபேதம் எனக் கையாளப்படும் இச்செடிக்கு மாறாக, வடக்கே அப்பெயரில் விற்பது இமயமலைப் பெர்ஜீனியாவின் வேர்த்தண்டு. வடமொழிப் பெயரைப் பாலமாகக் கொண்டு தமிழ் மூலிகைப் பெயர்களுக்கு லத்தீன் இணை எழுதும் வழக்கம் பல மூலிகை அகராதிகளில் உள்ளது. அவ்வழியில் பெற்ற இணைகள் மறுஆய்வுக்கு உரியன.

வழக்குப் பெயரால் நடக்கும் வணிகம் எவ்வளவு பிழையுடையது என்பதற்கு 2010இல் வெளியான ஓர் ஆய்வு விடைதருகிறது. பெங்களூருவை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் தென்னிந்தியாவின் 25 கடைகளில் கீழாநெல்லிச் சரக்கை வாங்கி, புறத்தோற்றத்தாலும் மரபணுக் குறியீட்டாலும் சோதித்தனர். 76 விழுக்காட்டில் அமாரஸே 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டிருந்தது. எஞ்சிய 24 விழுக்காட்டில் டெபிலிஸ், ஃபிராட்டர்னஸ், யூரினேரியா, மதராஸ்பட்டென்சிஸ் முதலிய இனங்கள் காணப்பட்டன. இவ்விரு எண்களுள் பின்னதே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. நோயாளர் நோக்கில் அது முறையே. ஆனால் வரலாற்று நோக்கில் முன்னதும் அதே அளவு கருதத்தக்கது. லத்தீன் நூல்கள் மூன்று இனங்களை ஒரே பெயரில் அடைத்துவைத்திருந்த நூறாண்டிலும், செடி பறிப்போர் கையில் நான்கில் மூன்று பங்கு ஒரே இனமே வந்துசேரும் அளவுக்கு வழக்கறிவு செயற்பட்டிருக்கிறது. நிறம், கசப்பு, வளரும் இடம் எனப் பெயரில் அடங்காத அடையாளங்களையும் அவர்கள் கண்டிருக்க வேண்டும். அவை எந்த நூலிலும் பதிவாகவில்லை.

மரக்காணம் போன்ற பகுதிகளில் மூலிகைப் பெயர்களைத் தொகுக்கும் கள ஆய்வுகள் பெயர், லத்தீன் இணை, பயன் என்ற மூன்று பத்திகளோடு நிறைவடைகின்றன. பறித்தவர் அச்செடியை அதன் ஒத்த செடியிலிருந்து எவ்வாறு பிரித்தறிந்தார் என்பதற்கு நான்காம் பத்தி இல்லை. உலர்மாதிரித் தாளொன்றும், அதே செடியின் தகட்டுப் படமொன்றும் அப்பட்டியலோடு சேருமானால், உமரி என்ற பெயரின்கீழ் உப்பளக் கரையில் எத்தனைச் செடிகள் உள்ளன என்பதை அடுத்து வருவோர் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை. தகட்டுக்குத் தேவையானவை ஒரு கண்ணாடித் தொட்டியும், சில மில்லிலிட்டர் கரைப்பானும், ஏறத்தாழ ஒருமணி நேரமும் மட்டுமே. கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் இவை ஏற்கெனவே உள்ளன. தமிழ்த்துறைக்கும் அவ்வாய்வகத்துக்கும் இடைப்பட்ட தாழ்வாரத்தைக் கடப்பதே எஞ்சியிருக்கும் பணி.